ஆறு கறுப்புப் பூச்சிகள்

எங்கள் அப்பாவுக்கு ரிப்பேர்காரர்கள் என்றாலே ஆகாது. பண்டாரவளையில் யாரோ ஒருவரிடம் கைக்கடிகாரத்தைத் துடைக்கக் கொடுத்ததால் வந்த வினை. திரும்பி வந்த கடிகாரம் ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் பிந்தியது. உள்ளே இருந்த நல்ல கல்லை உருவிக்கொண்டு கண்ணாடித் துண்டை வைத்துவிட்டான் என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். அன்று முதல் ரேடியோ, குடை, சப்பாத்து என்று எது கடைக்குப் போனாலும், எங்கள் வீட்டு ஆள் ஒன்று பக்கத்தில் குந்திக்கொண்டு காவல் இருந்தாக வேண்டும். தையல் கடையில் மிஞ்சிய வெட்டுத்துண்டுகளைக்கூட அம்மா கேட்டு வாங்கி வந்துவிடுவாள்.

அப்பா, ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபாக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர். அண்ணன் கெம்பஸில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். எனக்குப் பத்து வயது. எண்பதுகள் தொடங்கியிருந்த நேரம்.

அந்த லீவுக்கு அண்ணன் ஒரு பழைய கால்குலேட்டரோடு வந்தான். படித்து முடித்துப் போன யாரோ விற்றது. வெறுமனே கூட்டிக் கழிக்கிற சாமான் இல்லை அது. ஒரு கணக்கை எப்படிப் போடுவது என்று பட்டன்களை அழுத்தி ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால், மனதில் வைத்துக்கொண்டு எத்தனை தடவை கேட்டாலும் தானே போடும். கோளாறு என்னவென்றால் அதற்கு ஞாபகசக்தி கொஞ்சம். அண்ணன் போட வேண்டியதோ ஒரு பெரிய பாலத்தின் கணக்கு. பாதி சொல்வதற்குள் அதன் மண்டை நிறைந்துவிடும்.

"பதுளையில ரேடியோக் கடை நானா ஞாபகத்தைக் கூட்டித் தர்றேன்னு சொல்லியிருக்காரும்மா. இல்லாட்டி எல்லாத்தையும் கையால போடணும். கையால போட்டா ஒரு மாசம். எனக்கு இருக்கறது பத்து நாள்" என்று அண்ணன் அடுப்படியில் சொல்லிக்கொண்டிருந்தான். முஸ்லிம் கடைக்காரர்களை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம். பத்து நாளில் கணக்கைக் கொடுக்காவிட்டால் அந்த வருஷம் போய்விடும் என்றும் சொன்னான்.

அப்பாவின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். பெட்டியைத் திறக்கப் போகிறார்கள்.

சனிக்கிழமை அண்ணன் ஏதோ டைப் அடிக்கப் பண்டாரவளைக்குப் போக வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் அவனுக்கு ரயில். ஆகவே கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் பதுளைக்கு பஸ் ஏறினோம். அப்பாவுக்குக் கடைத்தெருவில் சாமான் வாங்கும் வேலை இருந்தது. என்னை ரேடியோக் கடை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டுக் காதோடு காதாகச் சொன்னார். "கண்ணை எடுக்காத. உள்ள எத்தனை உருப்படி இருக்குன்னு எண்ணிக்க. போகும்போதும் அத்தனை இருக்கணும்."

எனக்கு வந்த கெத்தைக் கேட்க வேண்டுமா! முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

நானா தடித்த கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். பின்மூடியைக் கழற்றினார். பச்சைத் தகட்டின் மேல், இரண்டு பக்கமும் வரிசையாகக் கால் வைத்த கறுப்புப் பூச்சிகள். ஆறு. இரண்டு தரம் எண்ணினேன். அவர் பிஸ்கட் நீட்டினார். நான் அதைப் பார்த்துக் கடிக்கிற நேரத்தில் ஒன்றை அமுக்கிவிடுவார் என்று வேண்டாம் என்றேன். எந்த வகுப்பு என்று கேட்டார். தகட்டைப் பார்த்தபடியே ஐந்து என்றேன். அவர் தும்மியபோதுகூட நான் கண் சிமிட்டவில்லை.

அவர் சூடான கம்பியால் ஈயத்தை இளக்கி ஒரு பூச்சியைக் கழற்றினார். பிறகு இன்னொன்று. இரண்டையும் நெருப்புப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியை மேசை லாச்சிக்குள் தள்ளினார். ஆறில் இரண்டு போனால் நாலு என்று விரலை மடக்கிக்கொண்டேன். பஞ்சில் சுற்றி வைத்திருந்த வேறொரு பூச்சியை எடுத்துப் பொருத்தினார்.

"இது நான் எனக்குன்னு வச்சிருந்தது மகள். சிங்கப்பூர்ல இருந்து மச்சான் அனுப்பினது. உங்க அண்ணன் பாலம் கட்டப் போறாருல்ல, அவருக்கு இருக்கட்டும்" என்றார்.

அடேயப்பா, என்ன நயமான பேச்சு! எடுத்தது இரண்டு, வைத்தது ஒன்று. நான் எண்ணிக்கொண்டுதானே இருக்கிறேன்.

அப்பாவின் தலை வாசலில் தெரிந்ததும் ஸ்டூலிலிருந்து குதித்தேன். "அப்பா, ரெண்டை எடுத்துட்டு ஒண்ணுதான் வச்சாரு! லாச்சிக்குள்ள இருக்கு!"

கடையில் நின்ற நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நானா எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, அந்த ரெண்டும் சின்னது. அதுல அடங்குற ஞாபகத்தப் போல நாலு பங்கு இந்த ஒண்ணுல அடங்கும்."

"பாத்தா எல்லாம் ஒரே அளவாத்தானே இருக்கு? எனக்குத் தேயிலையில இருவது வருஷம் நானா. ரெண்டு மூட்டையைக் குடுத்துட்டு ஒரு மூட்டையத் தூக்கிட்டுப் போறவன் லாபமாப் போறான்னு சொல்லுவீங்களா?"

யாரோ சிரித்தார்கள். தம்பி வரட்டும், அவரிடம் கேளுங்கள் என்று நானா சொல்லிப் பார்த்தார். தம்பி காலையில் ரயில் ஏறுகிறவன், முதலில் இருந்தபடியே வைத்துக் கொடுங்கள் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். நானா அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. உட்கார்ந்து, தன்னுடையதைக் கழற்றிப் பஞ்சில் சுற்றினார். பழைய இரண்டையும் திரும்பப் பற்றவைத்தார். அப்பா என்னை எண்ணச் சொன்னார். ஆறு.

கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார்.

"பாத்தியா, கையும் களவுமா மாட்டுனவன். அதான் காசு கேக்க வாய் வரல" என்று அப்பா பஸ்ஸில் சொன்னார். எனக்கு ஐஸ் பழம் வாங்கிக் கொடுத்திருந்தார். அதைச் சப்பிக்கொண்டே ஆமாப்பா என்றேன்.

பொழுது சாயும்போது அண்ணன் மழையில் நனைந்து வந்து சேர்ந்தான். துவட்டக்கூட விடாமல் அப்பா நடந்ததைச் சொன்னார். என் பங்கு வந்த இடத்தில் நான் ஓடிவந்து மிச்சத்தைச் சொன்னேன். அண்ணன் கால்குலேட்டரை எடுத்து, பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனான். பழையபடி பாதியிலேயே விரல் நின்றது.

"எல்லாம் சரியா இருக்கா?" என்றார் அப்பா.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். நான் பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தேன்.

"ஆமாப்பா. ஆறும் இருக்கு" என்றான். என் தலையில் கை வைத்து, "கெட்டிக்காரிதான்" என்றான். பிறகு வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதுளைக்குக் கடைசி பஸ் போயாகிவிட்டது.

சாப்பிட்ட பிறகு என்னிடம் வந்து, "புதுக் கொப்பி ஏதும் வச்சிருக்கியா?" என்று கேட்டான்.

பள்ளிக்கூடத்தில் அடுத்த தவணைக்கு என்று நாலு கொப்பி வைத்திருந்தேன், எழுத்துப் படாதவை. கொடுக்க மனமே இல்லை. திருப்பித் தருவான் என்பதற்கு என்ன நிச்சயம்? வேறு மட்டமான கொப்பியை வாங்கித் தந்து ஏமாற்றினால்? நாலு கொப்பியின் கடைசிப் பக்கத்திலும் என் பெயரை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, அவன் எதிரில் எண்ணிக் கொடுத்தேன்.

காலையில் ஹாலிஎல ஸ்டேஷனில் அவன் ரயில் ஏறும்போதும் சும்மா இருக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே நின்று, "நாலு கொப்பிண்ணா, நாலு!" என்று விரலை நீட்டிக் காட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே தன் நாலு விரலைக் காட்டினான். ரயில் வளைவில் மறையும்வரை என் நினைப்பெல்லாம் கொப்பிகள் மேல்தான் இருந்தது. அப்படிப்பட்ட கணக்குப் பெட்டியைக் கையில் வைத்திருக்கிறவனுக்கு நாலு வெறும் கொப்பி எதற்கு என்ற சந்தேகம் மட்டும் எனக்கு வரவே இல்லை.