முட்டிபோட்டு எழ முடியாமல் போன ஐந்தாம் செவ்வாய்

ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் படுக்கையிலிருந்து நிமிர்ந்தேன். வயிற்றின் நடுவில், மார்புக்குக் கீழிருந்து தொப்புள் வரைக்கும், சுறாவின் முதுகு மாதிரி ஒன்று புடைத்து எழுந்தது. படுத்தேன், போய்விட்டது. எழுந்தேன், மறுபடி வந்தது. பிள்ளையின் கால் என்று நினைத்தேன். ஆறு மாதப் பிள்ளைக்கு இவ்வளவு நீளக் காலா என்று அப்புறம்தான் உறைத்தது.

என் பெயர் ஸ்டெல்லா. ராயபுரத்தில் இருக்கிறோம். காசிமேட்டு மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுப்பது என் வேலை. நாள் முழுக்கக் குந்தி உட்காருவதும் எழுவதும்தான். கணவர் அமல்ராஜ் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறார். மூன்று வயதில் ஒரு பெண் இருக்கிறாள். இது இரண்டாவது.

மருத்துவமனையில் காட்டினேன். அன்றைக்கு அப்படி ஒரு கூட்டம். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "தசை விலகியிருக்கும்மா, கனம் தூக்காத" என்றார். அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்து மலைத்துப்போய் நின்றேன். தசை விலகினால் பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பது எது? இருமினால் வயிறு திறந்துகொள்ளுமா? திரும்பிப் போய்க் கேட்க வெட்கம். கேட்காமலே வந்துவிட்டேன். அந்த முட்டாள்தனம் என்னுடையது.

என் கணவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. மூட்டை தூக்குகிறவர்கள் இடுப்பில் இறுக்கிக் கட்டுகிற பெல்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இத்த கட்டிக்கோ. ரெண்டு ஆளு தூக்குற மூட்டைய இத்த கட்டிகினுதான் நான் ஒண்டியா தூக்குறேன். உன் வயிறு இன்னா, அத்தவிட கனமா?"

பாசமாகத்தான் சொன்னார். நானும் கட்டிக்கொண்டேன். மூச்சு முட்டியது, வலித்தது. புடைப்பு மட்டும் குறையவில்லை. எனக்கு விசுவாசம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயில் நவநாள் ஜெபத்துக்கு வந்து, ஜெபம் முடியும்வரை முட்டிபோட்டே இருப்பேன் என்று நேர்ந்துகொண்டேன். "அந்தோணியாரே, வேறெதுவும் வேண்டாம், இந்தப் பிள்ளையைத் தாங்கிப் பிடி" என்பதுதான் என் ஜெபம். நாலு செவ்வாய் போயிற்று. ஒரு மாற்றமும் இல்லை. கேட்கிறாரா, காதை மூடிக்கொண்டாரா என்றுகூடச் சந்தேகம் வந்தது.

ஐந்தாம் செவ்வாய். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். என்னால் எழ முடியவில்லை. கண் இருட்டியது. பக்கத்தில் கையில் மெழுகுவர்த்தியோடு நின்ற ஓர் அக்கா என்னைத் தாங்கிப் பிடித்தார். நெற்றியில் குங்குமம். செவ்வாய்க்கிழமையில் எங்கள் கோயிலுக்கு எல்லா மதத்துக்காரரும் வருவார்கள். அவர் பெயர் கெங்கா, எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்காரர், மீன் வியாபாரம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அவர் கை என் வயிற்றில் இருந்த பெல்ட்டில் பட்டது.

"இன்னாம்மா இது! மூட்டை தூக்குறவன் பெல்ட்ட கட்டிகினு கீற! மூச்சு எப்டி வுடுவ? அவுத்துடு மொதல்ல."

கோயில் என்றும் பார்க்காமல் அவரே முந்தானையால் மறைத்து அவிழ்த்துவிட்டார். மூச்சு உள்ளே போனது. நான் ஓவென்று அழுதுவிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"எனுக்கும் ரெண்டாவதுக்கு இப்டித்தான் இருந்துச்சு. ஆஸ்பத்திரிலயே எக்சர்சைஸ் சொல்லித் தர்ற ரூம்பு கீது. நாளைக்கி வா, நான் இட்டுகினு போறேன்."

நான் மாதாமாதம் போகிற அதே ஆஸ்பத்திரி. அந்த அறையைத் தாண்டித்தான் ஒவ்வொரு தடவையும் வரிசையில் நின்றிருக்கிறேன். மறுநாள் அங்கே உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் என்னைப் படுக்கவைத்து, தலையை லேசாகத் தூக்கச் சொல்லி, நடுவில் விரல் வைத்துப் பார்த்தார்.

"மூணு விரல் விலகியிருக்கு. குழந்தைக்கு ஒண்ணும் இல்லம்மா. அது கர்ப்பப்பைக்குள்ள பத்திரமா இருக்கு. இது மேல இருக்கிற தசை. நிறைய பேருக்கு வரும்."

பிறகு சொல்லித்தந்தார். நேராக நிமிரக் கூடாது. ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழ வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் தூக்கக் கூடாது. அவ்வளவு சின்ன விஷயம்! மார்க்கெட்டில் குந்துவதை விட்டு, ஸ்டூல் போட்டு மேசையில் வைத்து வெட்ட ஆரம்பித்தேன். பெல்ட் விஷயம் தெரிந்து என் கணவர் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டார்.

இனி முட்டிபோட முடியாதே, நேர்ச்சையை என்ன செய்வது? அதுவேறு குழப்பம். ஃபாதரிடம் போய்க் கேட்டேன். "உக்காந்து ஜெபம் பண்ணும்மா, அவருக்குக் கேக்கும்" என்றார். மீதி நாலு செவ்வாயும் நாற்காலியில் உட்கார்ந்தே வேண்டினேன். உறுத்தலாகத்தான் இருந்தது.

பையன் சுகமாகப் பிறந்தான். மூன்று விரல் இடைவெளி இப்போது ஒரு விரலுக்கு வந்திருக்கிறது. முழுதாகச் சேரவில்லை. உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கெங்கா அக்காவைப் பார்க்கப் போனேன். "அந்தோணியார்தான் அன்னிக்கி உங்கள எனக்காக அனுப்பிச்சார்க்கா" என்றேன். சிரித்தார்.

"உனுக்காவா வந்தேன்? என் பொண்ணுக்கு ஏழு வருசமா புள்ள இல்ல. அதுக்கோசரம் மெழுகுவர்த்தி ஏத்த வந்தேன்."

சொல்லிவிட்டு என் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. அவர் கேட்டது இன்னும் கிடைக்கவில்லை. கொடுக்க வந்த கை அவருடையது. இது ஏன் இப்படி என்று எனக்கு விளங்கவே இல்லை. விளங்கியதாக நடிக்கவும் மாட்டேன். ஆனாலும் அந்தோணியாருக்கு நன்றி சொல்கிறேன், மனசாரச் சொல்கிறேன். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறோம். கஷ்டத்தோடு வருகிறவர்களே, நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவர் யார் என்றும் பாருங்கள். உங்கள் ஜெபத்தில் ஒரு வார்த்தை கெங்கா அக்காவின் மகளுக்காகவும் சேர்த்துச் சொல்லுங்கள். அவள் பெயர் மஞ்சுளா.