தறிக்காலில் கட்டிய பால் பாட்டில்

எனக்கு எச்சில் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டால், போளூர் போய்ச் சேரும் வரை முகத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஆசையாகத் தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து ஊட்ட வந்தார். நான் முகத்தைத் திருப்பிய வேகத்தில் சோறு அவர் சட்டையிலேயே விழுந்தது. மனுஷன் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தை என்றால் எச்சில்தானே. ஜொள்ளு, வாந்தி, சப்பிய விரல், சப்பிய பொம்மை, சப்பி என் மேலேயே தடவிய முறுக்கு. பெற்றவளுக்கு இதெல்லாம் அருவருப்பாக இருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆரணியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தறி. எங்கள் வீட்டிலும் முன்கூடம் முழுக்க ஒரு பட்டுத்தறிதான். அவர் நெய்வார், நான் குறுக்கே ஓடும் நாடாவுக்கு நூல் சுற்றிக் கொடுப்பேன். அவர் எழுந்தால் நான் உட்காருவேன். தறியில் உட்காரும் முன் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவுவோம். தலைக்கு எண்ணெய் வைத்த அன்று, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவுப் பக்கமே நான் போக மாட்டேன். பட்டில் பிசுக்கு பட்டால் போகாது.

மகள் நடக்கத் தொடங்கி நாலைந்து மாதம் ஆனபோது ஒரு சந்தன நிற முகூர்த்தச் சேலை தறியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அடுப்பை அணைக்கப் போய் வருவதற்குள் அவள் ஜாங்கிரி தின்ற கையோடு வந்து சேலையைப் பிடித்துவிட்டாள். ஐந்து விரலும் அச்சாகப் பதிந்தன. எங்களுக்குப் பட்டு கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்லும் முதலாளி, தன் கடையில் அந்தச் சேலையை விரித்துப் பார்த்தார். மடிக்காமல் அப்படியே என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு வீட்டில் ஒரு சட்டம் வந்தது. தறி ஓடும் நேரத்தில் கையில் ஒட்டும் தீனி எதுவும் அவளுக்குக் கிடையாது. பிஸ்கட் கிடையாது, பழம் கிடையாது, மிட்டாய் கிடையாது. ஆனால் பிள்ளை பசிக்கு அழுமே? அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சர்க்கரை போட்ட பாலை பாட்டிலில் ஊற்றி, பழைய சேலைக் கிழிசலால் தறிக்காலில் கட்டித் தொங்கவிட்டேன். பக்கத்தில் பாய். அவள் படுத்தபடியே வாயால் கவ்விக் குடிக்கலாம். கையே வைக்க வேண்டாம். வேண்டும்போது குடிப்பாள், அப்படியே தூங்கிப் போவாள், விழித்ததும் மறுபடி குடிப்பாள். சர்க்கரை குறைந்தால் துப்பிவிடுவாள் என்று கொஞ்சம் தாராளமாகவே போடுவேன். காலியானால் நிரப்புவேன்.

எதிர்வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, "யக்கா, உனக்கு மூளையே மூளைக்கா" என்று போனவள், மறுநாள் தன் வீட்டுத் தறிக்காலிலும் ஒன்று கட்டினாள். எனக்கு அதில் பெருமை வேறு. நாலு வயது ஆகும்வரை அந்தப் பாட்டில் அங்கேயே தொங்கியது. ஒரு சேலையிலும் ஒரு கறை இல்லை.

பாட்டில் விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. தினமும் அதன் ரப்பரைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்பேன். அந்த ரப்பர் போய்ச் சேருகிற வாயை மட்டும் நான் பார்க்கவில்லை. பல் தேய்க்க அவள் கையில் பிரஷ்ஷைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றுகொள்வேன். நுரையும் ஜொள்ளுமாக அவள் நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. அவள் இனிப்பாக இருக்கிற பேஸ்ட்டைச் சப்பி விழுங்கிவிட்டு, "ஆச்சு மா" என்பாள். நானும் ஆயிற்று என்று விட்டுவிடுவேன்.

முதலில் மேல்வரிசை முன்பற்களில் ஈறை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. பால் படிந்திருக்கிறது என்று நினைத்தேன். பிறகு அது மஞ்சளானது, பழுப்பானது. மூன்றரை வயதில் நாலு பல்லும் கறுத்து, நுனி உதிர்ந்து, ஈறில் குச்சி குச்சியாக நின்றன. அவள் சிரித்தால் பார்க்கச் சகிக்காது. நாற்றமும் சேர்ந்துகொண்டது. மூடி வைத்து மறந்துபோன பால் பாத்திரத்தைத் திறந்தால் வருமே, அந்த நாற்றம். காலையில் எழுந்ததும் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கனவில் கண்டதைச் சொல்ல ஆரம்பிப்பாள்.

"தள்ளி நின்னு சொல்லு" என்பேன். "வாய் நாறுது."

தள்ளி நின்று சொல்வாள். போகப் போக சொல்வதையே குறைத்துக்கொண்டாள். வளர வளர அடக்கம் வருகிறது என்று நினைத்தேன். எவ்வளவு சௌகரியமான நினைப்பு!

என் வீட்டுக்காரரிடம் பல்லைப் பற்றிச் சொன்னபோது அவர் தறியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பால் பல்லு தான? உழுந்துட்டு புதுசு மொளைக்கும். அதுக்குப் போயி இன்னாத்துக்கு பேஜார் பண்ணிகினு கீற?" என்றார். தெருவில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். கேட்க எனக்கும் இதமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மகள் எழுந்து வந்தபோது மேலுதடு மூக்கு வரை வீங்கியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறில் பயறு அளவுக்கு ஒரு கொப்புளம், அதன் முனையில் மஞ்சளாகச் சீழ். உதட்டை விட்டுவிட்டு, முதல் வேலையாகக் கை கழுவப் போனேன். பிள்ளையை அப்புறம்தான் தூக்கினேன்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே பல் ஆஸ்பத்திரி. படியேறும்போதே மருந்து நெடி. உள்ளே ஒரு பெரியவர் தன் பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்து, எச்சில் நூலாகத் தொங்கத் தொங்கத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர் ரத்தப் பஞ்சைக் குப்பைத்தொட்டிக்குக் குறிபார்த்துத் துப்ப, அது தரையில் விழுந்தது. அவர் அதைக் காலால் தள்ளிவிட்டார். நான் உட்காரவில்லை. சுவரிலும் சாயவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடுவில் நின்றேன். இப்படி ஊரார் வாயைச் சுத்தம் பண்ணுவதை ஒரு பிழைப்பாக யார் எடுத்துக்கொள்வார்கள் என்றுகூட நினைத்தேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். மகளை என் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி, விளக்கைத் திருப்பினார்.

"ஆ காட்டு கண்ணு."

அவள் காட்டவில்லை. உதட்டை இறுக்கி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். டாக்டர் பலூன் கொடுத்தார், கண்ணாடி கொடுத்தார், பொம்மைக்குப் பல் தேய்த்துக் காட்டினார். மசியவில்லை. நான் கொஞ்சினேன், பிறகு அதட்டினேன், தொடையில் ஒன்று வைத்தேன். கண்ணீர் வந்ததே தவிர வாய் திறக்கவில்லை. அவள் உடம்பின் சூடு என் புடவையைத் தாண்டிச் சுட்டது.

"சீழ் மேல ஏறிகினு இருக்குதுங்க. இன்னிக்கே எடுத்தாகணும். வுட்டா கண்ணு வரைக்கும் வீங்கும்" என்றார் டாக்டர். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க வெளிய இருங்களேன்" என்றார்.

"நான் இருக்கும்போதே இப்படிப் பண்றாளே டாக்டர்!"

"அதான் சொல்றேன். கொஞ்சம் வெளிய இருங்க."

நான் வெளியே வந்தேன். கதவைச் சாத்தினார்கள். அலறல் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. டாக்டர் ஏதோ கேட்டார், மகள் ஏதோ பதில் சொன்னாள். பிறகு, "அம்மாடி, எவ்ளோ பெரிய ஆ!" என்று டாக்டரின் குரல் கேட்டது. ஊசி போட்டபோது ஒரே ஒரு அழுகை. அவ்வளவுதான்.

அரை மணி கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். மகள் பஞ்சைக் கடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எவர்சில்வர் தட்டில் இரண்டு கறுத்த துண்டுகள். பல் என்று சொன்னால்தான் தெரியும். பக்கத்தில், மற்ற பற்களிலிருந்து பஞ்சில் வழித்தெடுத்த வெண்ணெய் மாதிரி ஒரு மாவு.

"பாப்பா இன்னும் பாட்டில்ல குடிக்கிறாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"அய்யோ, அதெல்லாம் எப்பவோ நிறுத்தியாச்சுங்க."

டாக்டர் மகளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "மேல் பல்லு மட்டும் இப்படிப் போயிருக்குது. கீழ்ப் பல்லு நல்லா கீது. குடிக்கும்போது நாக்கு அத மூடிக்கும், அதான். இனிப்புப் பாலு நாளெல்லாம் வாய்ல தேங்கினாதான் இப்படி ஆகும். இன்னும் ரெண்டு பல்லுக்கு அடைக்கணும், அடுத்த வாரம் கூட்டினு வாங்க. காலையும் ராத்திரியும் நீங்களே தேய்ச்சு வுடுங்க. கொழந்தைக்கு தேய்க்கத் தெரியாது."

பொய் சொன்னதற்கு எனக்கு வெட்கமாக இல்லை. பிடிபட்டதற்குத்தான் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலை இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் குமட்டுகிறது. சேலைக்காக ஒரு பிள்ளையைக் கன்றுக்குட்டி மாதிரி தறிக்காலடியில் போட்டு வைத்தேன். பட்டில் ஒரு பிசுக்கு இல்லை. எல்லாப் பிசுக்கும் அவள் வாய்க்குள் போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை அவிழ்த்தேன். என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு மகளின் உதட்டைப் பார்த்தார். வெளியே போய் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். டாக்டர்தான் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

நாலு மணிக்கு ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். மகளை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டி வந்து, எதிரே உட்கார்ந்தேன்.

"ஆ காட்டு மா."

அவள் உதட்டை இறுக்கினாள். எனக்குக் கோபம் வந்தது. "டாக்டர் கிட்ட மட்டும் காட்டத் தெரிஞ்சிச்சில்ல? என்கிட்ட காட்டறதுக்கு இன்னா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் முந்தானையை இழுத்து, மடித்து, என் மூக்கின் மேல் வைத்தாள். தன் சின்ன உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"புடிச்சிக்கோ மா. அப்புறமா காட்றேன்."

நான் முந்தானையை எடுத்துவிட்டேன். "வேணாம், நீ காட்டு" என்றேன். அவள் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தபடியே வாயைத் திறந்தாள். நடுவில் இரண்டு குழி, அவற்றில் கறுத்து உறைந்த ரத்தம். மருந்தும் சீழும் கலந்த நாற்றம் குப்பென்று வந்தது. அசையக் கூடாது என்று எவ்வளவோ அடக்கியும் தொண்டை ஒரு தடவை குமட்டிவிட்டது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். உடனே வாயை மூடிக்கொண்டு, எழுந்து இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

"நான்தான் சொன்னேன்ல" என்றாள்.