ஆவி பறந்த தீவனம்

கொரோனா ஓய்ந்து எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றியிருந்த வருடம், மார்கழி மாதம். கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிற ஒரு கறிக்கோழிப் பண்ணையில் நடந்தது இது. கோழித் தீவனத்தில் கலக்கும் நொதி, அதாவது என்சைம் பவுடர் விற்கிற கம்பெனியில் நான் பிரதிநிதி. கள்ளக்குறிச்சியில் ரூம் எடுத்துத் தங்கி, சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்குப் பைக்கில் அலைவதுதான் பிழைப்பு.

அந்தப் பண்ணையை நடத்தியது ஒரு கணவன் மனைவி. கணவர் முன்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். பெரிய கம்பெனிகளுக்கு வளர்த்துக் கொடுக்காமல், தாங்களே குஞ்சு வாங்கி, தங்கள் மக்காச்சோளத்தை அரைத்து, சோயாப் புண்ணாக்கு சேர்த்துத் தீவனம் தயாரித்தார்கள். கொட்டகை போட்டதே அந்த அம்மாவின் யோசனை. நிலமோ கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. "பொம்பள பேச்ச கேட்டுக்கினு நெலத்த நாறடிக்கிறான்" என்று அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முறையும் கோழி சரியாக வராவிட்டால், கொட்டகையைப் பிரித்துவிட்டுக் கரும்பு வைப்பது என்று அண்ணன் தம்பிக்குள் பேச்சு முடிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து அந்த அம்மாவிடமிருந்து போன். "சார், கோழிங்க நிக்கவே மாட்டேங்குது. குந்திக்கினே கெடக்குது. உங்க பவுடர் போட்டதுல இருந்துதான்னு அவரு சொல்றாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம் இருக்கிறது. மக்காச்சோளத்திலும் சோயாவிலும் எலும்புக்கு வேண்டிய பாஸ்பரஸ் சத்து உண்டு. ஆனால் அதைப் பிரித்தெடுக்கக் கோழியின் வயிற்றுக்குத் தெரியாது. எங்கள் நொதி பிரித்துக் கொடுக்கும். அதனால், தனியாகச் சேர்க்கும் பாஸ்பேட் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் விற்போம். அவர்களும் குறைத்திருந்தார்கள். நொதி வேலை செய்யவில்லை என்றால் கோழிக்கு எலும்பு ஏது?

போய்ப் பார்த்தேன். ஒரு குஞ்சின் அலகை அழுத்தினால் ரப்பர் மாதிரி வளைந்தது. பவுடரின் தேதியைப் பார்த்தேன், கலந்த அளவைக் கேட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எங்கள் பவுடர் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, விற்பனைக்காரன் காட்டமாட்டான். தீவனம் வைப்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாம் என்று மறுநாள் காலையில் திரும்பப் போனேன்.

கணவர் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்தார். அந்த அம்மா வெளி அடுப்பில் அண்டா நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தொட்டியில் கொட்டிய தீவனத்தின் மேல் ஊற்றிக் கிளறிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"மலக் குளிரு சார். கன்னு போட்ட மாட்டுக்கு இப்பிடித்தான் தவுட்ட வெந்நீர்ல கலக்கி வெப்போம். குஞ்சுங்க நடுங்கிக்கினு இருக்குதேன்னுதான்..."

காரணம் கிடைத்துவிட்டது. கொதிக்கிற தண்ணீர் பட்டால் நொதி செத்துப்போகும். அப்பாடா, பவுடர் தப்பித்தது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்த அம்மாவின் நினைப்பு அதற்கு அப்புறம்தான் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த கிளறுகட்டை அப்படியே நின்றுவிட்டது. "அப்ப நானேதான் கெடுத்துட்டனா சார்?" என்றார்.

அதற்குள் கணவர் பால் கேனோடு வந்துவிட்டார். "இன்னாது, ஆவி பறக்குது? தீவனத்துல எதுக்கு வெந்நீரு?" என்று கேட்டார். அவருக்கும் சுருக்கமாகச் சொன்னேன். மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பவுடர் வாங்கியதற்காக முந்தின நாள் அவர் மனைவியிடம் கத்திய கத்தலைக் கேட்டிருந்த நான், இன்று அதைவிடப் பெரிதாக ஒன்றை எதிர்பார்த்தேன்.

பின்னாலேயே அண்ணன் வந்து சேர்ந்தார். "இன்னா சார், கோளாறு பவுடர்லயா, இல்ல இவங்க கையிலயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டார். "வெந்நீர் ஊத்த சொன்னது நாந்தாண்ணா. குளிருக்கு எதமா இருக்கும்னு. இது வேணாம் வேணாம்னுதான் சொல்லிச்சு, நான் கேக்கல."

சற்று முன் 'எதுக்கு வெந்நீரு' என்று கேட்ட அதே வாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பி, "அப்பிடியாங்க?" என்றார்.

"ஆமாங்க. குளுருல நெறைய பேரு பண்றதுதான். இனிமே சுடாம கலந்தா போதும்" என்றேன். என் வாயிலிருந்து வந்ததை நானே நம்பவில்லை.

"லாரி ஓட்னவனுக்கு கோழி எதுக்குடா?" என்று ஆரம்பித்து அண்ணன் தம்பியைப் பிடிபிடியென்று பிடித்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு மொத்தத்தையும் வாங்கிக்கொண்டார். 'பொம்பள பேச்சு' என்று சொல்ல மட்டும் அண்ணனுக்கு அன்று வழியில்லாமல் போயிற்று. அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பாஸ்பேட் உப்பைப் பழைய அளவுக்கு ஏற்றச் சொன்னேன். குடிதண்ணீரில் கலக்க மருந்து கொடுத்தேன். படுத்துக் கிடந்த குஞ்சுகளுக்கு எட்டும்படி தண்ணீரைத் தாழ்த்தி வைத்தோம். சிலது எழவேயில்லை. பெரும்பாலானவை எழுந்து நடந்து, வளர்ந்து, லாரி ஏறின. கொட்டகை இன்னும் இருக்கிறது.

அன்று நான் கிளம்பும்போது கணவர் பைக் வரைக்கும் கூட வந்தார். சொன்ன பொய்யைப் பற்றி ஏதாவது பேசுவார் என்று நினைத்தேன். அவர் கொட்டகை வாசலில் நின்ற மனைவியின் பக்கம் கையைக் காட்டி, "சும்மா வெதுவெதுன்னு ஊத்துனா பரவால்லைங்களா சார்? குளுருல குஞ்சு நடுங்குனா இதுக்கு மனசு கேக்காது" என்று மட்டும் கேட்டார். கை பொறுக்கிற சூடு என்றால் ஒன்றும் ஆகாது என்றேன்.

தப்பு எங்கே என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் இப்போதெல்லாம் ஒரு பண்ணையில் காரணம் பிடிபட்டுவிட்டால், அதை வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பு பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.