சந்தேகம் வராத டாக்டர்

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. தலைக்கனம் வயதை மீறி இருந்தது. காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதைத் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புற்றுநோயா இல்லையா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. நோயாளியின் முகத்தைப் பார்க்கவே தேவையில்லாத டாக்டர் உத்தியோகம். ஒரே ஒரு முறை முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினேன். எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

பரிசோதனைக்கூடத்தில் நாங்கள் இரண்டு டாக்டர்கள். இன்னொருவர் என்னைவிடப் பத்து வயது மூத்த அம்மா, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். படிப்பில் எனக்கு ஒரு பட்டம் கூடுதல் என்பதால் பொறுப்பு என்னிடம் இருந்தது. அவருக்குச் சுபாவத்திலேயே பயம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, திரும்பப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். ஸ்லைடையும் அப்படித்தான் பார்ப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இன்று பார்த்து, நாளையும் பார்த்து, கடைசியில் ‘உறுதியாகச் சொல்ல இயலவில்லை, இன்னொரு துண்டு அனுப்பவும்’ என்று எழுதுவார். நான் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. மேஜையில் வைத்த காபி ஆறுவதற்குள் ஐந்து ஸ்லைடு முடித்துவிடுவேன். அறுவை சிகிச்சை டாக்டர்களுக்கு என்னைத்தான் பிடிக்கும். அவர்கள் மெச்ச மெச்ச எனக்கு இன்னும் வேகம் வந்தது.

சந்தேகமான ஸ்லைடென்றால் இருவரும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சந்தேகம் இல்லையென்றால் ஒருவர் போதும். எனக்குத்தான் சந்தேகமே வராதே.

நான் பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில் எங்கள் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் தன் வீட்டுக்காரரோடு என்னைத் தேடிக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்கே வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒன்று முடிந்ததும், அதன் இழை நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிற வேலை அவருடையது. ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்க்க வேண்டும். ஒன்று தவறினாலும் சேலையில் தெரிந்துவிடும். அவர் கைபட்ட பாவென்றால் எங்கள் தெருவில் யாரும் மறுபடி சரிபார்க்க மாட்டார்கள்.

"இன்னாப்பா, டாக்டராயிட்டா அக்காவ மறந்துடுவியா?"

"உள்ள வாங்கக்கா. இன்னா ஆச்சு?"

"வாயில புண்ணு. மூணு மாசமா ஆறவே மாட்டேங்குது. பெரிய டாக்டரு இப்பத்தான் துண்டு வெட்டி எடுத்தாரு. நீதான் பாத்துச் சொல்லுவியாமே? இழைய பல்லால கடிச்சிக் கடிச்சி வந்த புண்ணுதானேப்பா இது? தை மாசம் முகூர்த்தத்துக்கு வேல தலைக்கு மேல கெடக்குது. ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துடு."

அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. முறுக்கியபின் மிஞ்சும் நுனியை வெட்டக் கத்தரி தேட யாருக்கும் பொறுமை இருக்காது. பல்லால் கடித்துத் துப்பிவிடுவார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் கன்னத்தின் உட்புறம் ஒரு கீறலோ தடிப்போ இருக்கும். என் அம்மாவுக்கும் இருந்தது. வெளியூர் டாக்டர் யாருக்கும் இது தெரியாது, எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு ஒரு பெருமை. அதே கன்னத்தில் அவர் புகையிலையை அடக்கிக்கொள்வார் என்பதும் எனக்குத் தெரியும். அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன்.

டார்ச்சை அடித்து வாய்க்குள் பார்த்தேன். "கடிச்ச புண்ணுதான்கா. பயப்படாம போய் வேலயப் பாருங்க" என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்குத்தான் அதிக சந்தோஷம். ஆள் சந்தோஷப்பட வேண்டும், என்னால் சந்தோஷப்பட வேண்டும் என்பது என் சுபாவத்தின் இன்னொரு கோளாறு. அந்த நேரத்தில் அவருடைய சதைத் துண்டு பக்கத்து அறையில் புட்டியில் மிதந்துகொண்டிருந்தது. ஸ்லைடு தயாராகவே இல்லை.

மூன்று நாள் கழித்து ஸ்லைடு வந்தது. பார்க்கும்போது அது என்னவென்று என்னை நானே கேட்கவில்லை, நான் சொன்னது சரிதானே என்றுதான் கேட்டேன். ஓர் ஓரத்தில் மேல்தோலின் செல்கள் அடிப்பக்கம் நாக்கு நீட்டினாற்போல் இறங்கியிருந்தன. நெடுநாள் உராய்ந்த புண்ணிலும் அப்படி இறங்கும், புற்றிலும் இறங்கும். உராய்ந்த புண் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஸ்லைடு தற்செயலாக என்னோடு வேலை பார்த்த அந்த டாக்டர் அம்மாவின் கண்ணில் பட்டிருக்கிறது. எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"இந்த ஓரத்தப் பாத்தீங்களா டாக்டர்? எனக்கு மனசு ஒப்பல. துண்டும் மேலாக்க எடுத்திருக்காங்க. கொஞ்சம் ஆழமா இன்னொண்ணு எடுக்கச் சொல்லுவோமே."

"உங்களுக்கு எதுலதான் மேடம் மனசு ஒப்புச்சு? எங்க தெருக்காரங்க வாய் எனக்குத் தெரியாதா?"

அங்கே வேலை செய்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிக்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. ஸ்லைடை என் மேஜையில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். அரை நிமிடம் மறுபடி குனிந்து பார்த்திருந்தால் என் மானம் ஒன்றும் கப்பலேறியிருக்காது. நான் அடுத்த ஸ்லைடை எடுத்தேன்.

ஆடி மாதம் அந்த அக்கா மறுபடி வந்தார். இந்த முறை என்னிடம் வரவில்லை. தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி, வாயை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியவில்லை. புதுத் துண்டை அந்த அம்மாதான் பார்த்தார். முந்தைய ரிப்போர்ட் என்னுடையது என்பதால் நானும் கையெழுத்துப் போடுவதற்காக ரிப்போர்ட்டை என் முன்னால் வைத்தார். புற்றுநோய் என்பதில் இந்த முறை அவருக்கே சந்தேகம் இல்லை. ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன். அவர் பேனாவை மட்டும் எடுத்து நீட்டினார்.

அன்று மத்தியானம் சாப்பிடப் போகாமல் பழைய ஸ்லைடைத் தேடி எடுத்தேன். ஐந்து நிமிடம் பார்த்தேன், கால்மணி நேரம் பார்த்தேன். அதில் பளிச்சென்று புற்று தெரிந்திருந்தால்கூட நான் ஒருவாறு தேறியிருப்பேன். கண் தவறிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அப்படித் தெரியவில்லை. இதுவாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம் என்றுதான் இருந்தது. இன்னொரு துண்டு கேட்க வேண்டிய ஸ்லைடு, அவ்வளவுதான். பயந்தவர் கேட்டார், நான் கேட்கவில்லை. என் படிப்பில் குறை இல்லை, கண்ணில் குறை இல்லை. தெரியவில்லை என்று எழுத எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அதற்காக எட்டு மாதத்தை அந்த அக்காவிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் சாதாரண மனுஷி, ஆனால் முட்டாளில்லை, சொன்னால் புரியும். திட்டினால் திட்டட்டும். என்ன சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று மனப்பாடம் செய்துகொண்டு பெண்கள் வார்டுக்குப் போனேன். அவருடைய வீட்டுக்காரர் கட்டிலருகில் நின்று கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். எழுந்து உட்காரப் பார்த்தார்.

"படுத்துக்கங்கக்கா."

"உன் மூஞ்சில முழிக்கவே வெக்கமா இருக்குதுப்பா" என்றார். வார்த்தைகள் பாதி வாய்க்குள்ளேயே நின்றன. "நீ அன்னிக்கே சொன்ன, புகையில போடாதீங்கக்கான்னு. நான்தான் கேக்கல. நல்லா இருந்த புண்ண நானே கெடுத்துக்கினேன். என்னால உனக்குக் கெட்ட பேரு வந்துடுச்சா?"

அப்படி நான் சொன்னதே எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன். வாய்ப்புண் என்று வருகிற எல்லோருக்கும் போகிறபோக்கில் சொல்வதுதான்.

"ஆமா தம்பி, நானும் சொல்லிக்கினே இருந்தேன். இவ கேட்டாத்தானே" என்றார் வீட்டுக்காரர்.

இல்லை அக்கா, தப்பு என்னுடையது என்று நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். வார்த்தைகள் தயாராகவே இருந்தன. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லக்கா, விடுங்க" என்றேன்.

அவர் என் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் மன்னித்துவிட்டேன் என்று அவருக்கு அவ்வளவு நிம்மதி. புரட்டாசியில் அவர் சாகும்வரை அந்த வார்டுக்குப் பல முறை போனேன். ஒரு முறைகூட நான் அவருடைய அந்த நினைப்பைத் திருத்தவில்லை.