துடிப்பின் அகலம்

என் அக்காவுக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் போய்விட்டன. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஒன்று இருந்தது. ஆனால் எங்கள் மலைக் கிராமமான கொட்டச்சேட்டில் வீட்டிலிருந்து சர்ச்சுக்குப் போகும் மேட்டில் அவள் கை தாங்காது. ஞாயிறுதோறும் நான்தான் தள்ளவேண்டும். ஏற்காட்டில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்த்து ஆறு நாளும் முதுகு ஒடிந்தவனுக்கு ஏழாம் நாளும் ஓய்வில்லை. அலுத்துப்போனேன். பாசம் இல்லாமல் இல்லை. அது வேறு, அலுப்பு வேறு.

"ஒரு நாளாச்சும் நானாப் போயிட்டு வரோணும்டா தம்பி" என்பாள். அந்த ஒன்றைத்தான் கேட்டாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சேலத்துப் பழைய இரும்புக் கடையில் அவள் வண்டியில் பொருத்த, பேட்டரியில் ஓடும் மோட்டார் ஒன்று கிடைத்தது. அதை ஓட்டும் ஆம்ப்ளிஃபயரை, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பெட்டியை, நானே கட்டினேன். மின்சாரத்தைக் குறைத்துக் கொடுத்தால் மோட்டார் மேட்டில் முக்கிக்கொண்டு நின்றுவிடும். முழுதாகக் கொடுக்கவேண்டும், ஆனால் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை விட்டு விட்டுக் கொடுக்கவேண்டும். அப்படிக் கொடுக்கும் ஒவ்வொரு துடிப்பும் அகலமானால் வேகம், குறுகினால் நிதானம். சொல்வதற்கு எளிது. டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொன்றாகப் புகைந்துபோயின. மழைக்காலம் முழுக்க அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இந்தத் திருகு எதுக்குடா? அது எதுக்கு?" என்று உயிரை வாங்கினாள். எரிச்சலோடு எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்தேன்.

ஒருவழியாக வண்டி ஓடியது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. திரும்பி இறங்கும்போது பிரேக் பிடிக்காவிட்டால்? அவளுக்குத் தெரியாமல் ஒரு திருகைத் திருப்பி, துடிப்பு பாதிக்கு மேல் அகலமாகாதபடி செய்துவிட்டேன். வண்டி வாசலைச் சுற்றிவரும். மேட்டில் கொஞ்சம் ஏறி நின்றுவிடும்.

"மோட்டாருக்குச் சத்துப் பத்தலக்கா" என்று கூசாமல் பொய் சொன்னேன். மறுபடியும் தள்ளினேன்.

அடுத்த ஞாயிறு குளித்துவிட்டு வந்து பார்த்தால் வண்டியைக் காணோம். வாசலில் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மூடி கிடந்தது. பக்கத்தில் அவள் கொண்டை ஊசி, முனை வளைந்து. அடிப்பாவி! திருகைத் திருப்பிவிட்டாள். ஈரத்தலையோடு ஓடினேன். பாதி மேட்டிலேயே மூச்சு வாங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். உச்சியில் வண்டியைத் திருப்பி நிறுத்தி, பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் கிட்டே போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"இத்தன வருசமாப் பின்னாடியே நின்னு தள்ளிட்டு வந்தயா, இந்த மேட்டுல உன்ற மொகத்த நான் பாத்ததே இல்லடா. நொம்ப ஓஞ்சு போயிட்டயே, கண்ணு."