ஏழாவது தோட்டா

18 ஒக்டோபர், சனிக்கிழமை, முற்பகல் 10.40. எர்லாங்கனுக்கு வெளியேயுள்ள துப்பாக்கிச் சூட்டுத் திடல். வெப்பம் ஒன்பது பாகை. கையால் ஏற்றிய தோட்டாக்கள் பதினைந்து. ஐந்து வெடிமருந்து நிறைகள், நிறைக்கு மூன்று. சுட்டவை ஏழு. இலக்கில் துளைகள் ஆறு. காயம் எவருக்கும் இல்லை.

அன்றைய சூட்டைப் பற்றி என் பதிவேட்டில் இவ்வளவுதான் இருக்கிறது.

காட்டுப்பன்றி வேட்டைக்கான என் துப்பாக்கி எந்த மருந்து நிறைக்கு துளைகள் மிக நெருக்கமாக விழச் சுடும் என்று தேடுவது, ஓய்வுபெற்றபின் நான் பழகிய வேலை. அரசாங்க அனுமதி என் பெயரில் இருந்தாலும் கெல்லர் எனும் நிலக்கீழ் அறை மேசையில் நாங்கள் இருவர். நான் மருந்தைத் தராசில் நிறுத்துப் பித்தளைக் கோதுகளில் இடுவேன். கோதின் வாயில் சன்னத்தை, அதாவது குண்டை, பொருத்துமுன் என் மனைவி, ரோச் கைவிளக்கின் வெளிச்சத்தில் ஒவ்வொரு கோதுக்குள்ளும் எட்டிப் பார்த்து, மருந்து இருந்தால் “ஓம்” என்பாள்.

“வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீங்கள் இஞ்ச கெல்லருக்குள்ள இருந்து வெடி செய்யிறியள்” என்று சொல்லிக்கொண்டேதான் பார்ப்பாள். பதிவேட்டில் ‘ஏற்றியவர்’, ‘பார்த்தவர்’ என இரு கட்டங்கள். இரண்டாவதில் தன் முதலெழுத்தை இடுவாள்.

ஓகஸ்டில் அவள் இறந்தாள். இந்தப் பதினைந்தையும் நான் தனியே ஏற்றினேன். ஆறு கோதுகளுக்கு மருந்து இட்டு முடித்தபோது தொலைபேசி அழைத்தது. சாம்பற் கலசத்தை அடக்கம் செய்வதற்கான டேர்மினை, அதற்குரிய திகதியை, மயான அலுவலகத்தார் கேட்டனர். பிறகு அழைக்கிறேன் என்றேன். திரும்பி வந்து மிகுதியை முடித்தேன். பின் ரோச்சை எடுத்து, பதினைந்து முறை நானே “ஓம்” என்றேன். சொன்னது நினைவிருக்கிறது. பார்த்தது நினைவில்லை.

அன்று சுட்டவர் அவளது ஒரே தம்பி. அவரும் வேட்டை அனுமதி பெற்றவர். என்னைத் தனியே விடக்கூடாதென்று கொலோனிலிருந்து வந்திருந்தார்.

“அத்தான், ஆறும் ஒரு உள்ளங்கைக்குள்ள அடங்கும். பன்றிக்கு இவ்வளவு கணக்குத் தேவையோ எண்டு அக்கா கேட்டிருப்பா.”

“கதையை விட்டிட்டு அடுத்ததைச் சுடுங்கோ.”

காதுமூடிகளை அணிந்தோம். அவர் விசையை இழுத்தார். வழக்கமாகத் துப்பாக்கி உதைக்கும் தோள் அசையவில்லை. தொலைநோக்கியில் பார்த்தேன்; புதிய துளை இல்லை. அதற்குள் அவர் வெற்றுக்கோதை வெளியே தள்ளி எட்டாவதை உள்ளே செலுத்திவிட்டார்.

மருந்தில்லாத கோதில் அடியிலுள்ள சிறு தீமூட்டி மட்டும் வெடித்தால், சன்னம் குழலுக்குள் சிக்கி நிற்கும். அடுத்ததைச் சுட்டால் குழல் சுடுபவரின் முகத்தருகே பிளக்கக்கூடும். இதை நான் நன்கு அறிவேன். ஆயினும் கை எழவில்லை. கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் விரல் விசையைத் தொட்டபோதுதான் என் கை துப்பாக்கியின் பூட்டான போல்ட்டின் பிடியைப் பற்றி, சுட முடியாதபடி மேலே தூக்கியது.

அவர் காதுமூடியைக் கழற்றினார். “என்ன அத்தான்?”

“குழலுக்குள்ள சன்னம் நிக்குது.”

அவர் வெற்றுக்கோதைப் பொறுக்கி, உள்ளே பார்த்தார். மருந்து எரிந்த கரி இல்லாமல் சுத்தமாக இருந்தது.

“ஏன், அக்கா பார்க்கேல்லையோ?” என்றார். கேட்டபின்தான் கேட்டது என்னவென்று அவருக்கு விளங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நான் பார்த்தனான்” என்றேன்.

வீட்டுக்கு வந்து பதிவேட்டைத் திறந்தேன். ‘பார்த்தவர்’ கட்டத்தில் அவளது முதலெழுத்து இருந்தது, என் கையெழுத்தில். அதை எப்போது இட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அறியாமை, குழலுக்குள் நின்ற சன்னத்தைவிட என்னை அச்சுறுத்துகிறது. வேறு எவற்றை அப்படிச் செய்திருக்கிறேனோ. அன்றிலிருந்து அந்த அறைக்கு நான் இறங்கவில்லை.

இன்னும் செய்யாதவை:

எஞ்சிய எட்டுத் தோட்டாக்களையும் பிரித்து, மருந்தை நிறுத்துப் பார்த்தல்.
சிக்கிய சன்னத்தை எடுப்பிக்கத் துப்பாக்கியை, அதைத் திருத்தும் கம்மியரிடம் கொடுத்தல்.
மச்சானிடம் நான் பார்க்கவில்லை என்று சொல்லுதல்.
மயான அலுவலகத்துக்குத் திரும்ப அழைத்தல்.
அந்த எழுத்தை வெட்டுதல்.