முட்டைக்கோசுப் பீப்பாயில் கிடந்த கல்

எங்கள் ஊர் சூரியகாந்தி வயலின் நடுவே ரோமானியர் காலத்துப் பண்ணை வீடு ஒன்றின் அடித்தளம் கிடக்கிறது. சுற்றிலும் கம்பிவேலி, காவலுக்கு வெல்ச்சோ. அந்த உத்தியோகம் கிடைத்த நாளிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலியோரம் ஆடு தும்மினாலும் விசாரணை வைப்பான்.

அங்கே தோண்டிய தொல்லியல்காரர்கள் ஒரு பளிங்குப் பலகையை எடுத்தார்கள். அதில் செதுக்கிய உருவம், குதிரைமேல் ஒரு வீரன். குதிரை வயிற்றோடு சரி, கால்கள் இல்லை. உடைந்த கீழ்ப்பாதி எங்கே என்று அவர்கள் கேட்டதும் வெல்ச்சோவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று மாலையே மதுக்கடையில், ஊர் முன்னால், ஆடு மேய்க்கும் குன்ச்சோவைப் பிடித்துக்கொண்டான்.

"வேலியோரமே சுத்துறியே, குதிரைக் காலை எவன்கிட்டடா தள்ளிவிட்டே?"

"நான் எடுக்கலண்ணே."

"ஆமாமா, அதுவா நடந்து போயிடுச்சு!"

கடையே சிரித்தது. கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போன குன்ச்சோ பிறகு கடைப்பக்கம் வரவேயில்லை. அவனுடைய பாலாடைக்கட்டியை வாங்கவும் ஆளில்லாமல் போயிற்று.

பனி விழத் தொடங்கியபின் ஒரு ஞாயிறு காலை, வெல்ச்சோ வீட்டில் குளிர்காலத்துக்காக உப்புநீரில் முட்டைக்கோசு ஊறப்போட்ட பீப்பாய் ஒழுகியது. கோசை அமுக்கி வைத்திருந்த கல்லை வெளியே எடுத்துத் திருப்பினான். அடிப்பக்கம் செதுக்கிய நான்கு குதிரைக் குளம்புகள்.

"டோன்கா! இது எப்படி இங்க வந்துச்சு?"

"உங்கம்மா வெச்ச கல்லுய்யா. நான் வாக்கப்பட்டு வந்தப்பவே பீப்பாய்க்குள்ளதான் கெடந்துச்சு," என்றாள் மனைவி. "பேசாம வயல்ல போட்டுட்டு, கண்டெடுத்தேன்னு சொல்லிடு."

ஒரு நிமிடம் அந்த யோசனை அவனுக்கு இனித்ததாம், பின்னாளில் அவனே சொன்னான். இனித்ததை நினைத்து இன்னும் கூசிப்போனான். கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றி, சாக்கால் மூடி, குன்ச்சோவின் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். எதிர்வீட்டில் விறகு பிளந்துகொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"குன்ச்சோ, தப்பு பண்ணிட்டேன். கல்லு என் வீட்டுலயே இருந்திருக்கு."

சாக்கை விலக்கினான். புளித்த கோசு வாடை என் முற்றம்வரை வந்தது. வெல்ச்சோ தலை நிமிரவில்லை, காதெல்லாம் சிவந்திருந்தது.

குன்ச்சோ கல்லைப் பார்க்கவில்லை. தெருவைத்தான் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"மொதல்ல மூடுண்ணே. என் வாசல்ல இதை எவனாச்சும் பாத்தா, திருடுனதை நான் திருப்பிக் குடுக்கிறேன்னு நெனப்பான்."

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்..."

"கடையில வெச்சுத்தானே என்னைக் கேட்டே? அங்கயே போய்ச் சொல்லு."

வெல்ச்சோ கல்லை மூடி, வண்டியைத் திருப்பினான். ஞாயிற்றுக்கிழமை கடையில் ஊரே இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். தெருமுனையில் நின்றான். பிறகு சாக்கைத் தானே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கடைப்பக்கம் வண்டியைத் தள்ளினான்.